பிஸ்மார்க்குக்கு இவ்ளோ துரு வேணாம்

தம்பி: (போட்டோ) மாமா நம்ம பிஸ்மார்க் மாடல் கப்பலோட ஹல் (ஒடம்பு) முடிஞ்சுது, ரெண்டு பக்கமும் பால்டிக் பட்டை, அதான் அந்த கருப்பு வெள்ளை பட்டை, போட்டு அதுக்கு மேல துரு வாஷ் (துரு கலர்ல தண்ணியா கரைச்ச பெயிண்ட்) ஓட விட்டுருக்கேன், பாத்துட்டு சொல்லுங்க

மாமா: பட்டை அருமைடா மாப்ள, ஓரம் கத்தி வெச்சு வெட்டுன மாதிரி நிக்குது. கசியாம எப்டி எடுத்த?

தம்பி: டேப் ஒட்டினதும் ஓரத்துல அடிக்கலர் சாம்பலையே ஒரு தடவ அடிச்சேன் மாமா, கசிஞ்சாலும் அதே கலர்தான கசியும், காஞ்சப்புறம்தான் வெள்ளையும் கருப்பும்

மாமா: ரொம்ப சரி. ஆனா துருவ எடுத்துரு. நெஜ பிஸ்மார்க், ரெண்டாம் உலகப்போர் ஜெர்மன் போர்க்கப்பல், கடற்படைல சேந்தது 1940 ஆகஸ்ட்ல, 1941 மே 27 மூழ்கிடுச்சு, சண்டைக்குன்னு கெளம்புனதே ஒரே ஒரு தடவ, அதுவும் பத்து நாள் கூட இல்ல. அந்த பட்டைய மே 21 நார்வேல நிக்கும்போதே சாம்பல் அடிச்சு மறைச்சுட்டாங்க. நீ பட்டையோட செய்யிறன்னா அதுக்கும் முந்தி இருந்த கப்பல், ஒடம்பெல்லாம் இவ்ளோ துரு ஓடியிருக்காதுடா

அக்கா: நங்கூரத்துக்கு கீழ மட்டும் கொஞ்சம் விடலாம்ல மாமா

மாமா: அங்க விடலாம்மா, மயிரிழை அளவுக்கு. உன் மாடல் 1:350, நெஜத்த விட 350 மடங்கு சின்னது, அதுல ஒரு மில்லிமீட்டர் கோடு நெஜ கப்பல்ல 35 சென்டிமீட்டர் அகலம், இவன் போட்டது ரெண்டு மில்லிமீட்டர் இருக்கும் போல

தம்பி: ஐயோ இத யோசிக்கவே இல்ல 😟 டெக்லயும் ஒரு தப்பு ஆயிடுச்சு மாமா, பளபளப்பான கிளாஸ் (gloss) வார்னிஷ் அடிக்காம பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் மேலயே வாஷ் போட்டேன், மரக்கலர் பூரா திட்டு திட்டா நிக்குது

மாமா: ஆயில் பெயிண்ட் வாஷ்தான? அடில அக்ரிலிக்னா பயப்படாத. காது கொடையிற காட்டன் பட்ஸ (buds) ஒயிட் ஸ்பிரிட்ல (பெயிண்ட் கரைக்கிற தின்னர்) நனச்சு நல்லா பிழிஞ்சுட்டு பலகை ஓடுற தெசைலயே இழு, முன்னருந்து பின்னாடி, குறுக்க தேச்சுடாத. மிச்சம் நிக்கிற அழுக்கு பலகை இடுக்கு மாதிரியே தெரியும், அது நல்லதுதான்

அம்மா: அண்ணா டெக் ஓரத்துல வர்ற அந்த பித்தளை வேலிய இன்னிக்கே ஒட்டுறேங்குறான், கண்ணெல்லாம் செவந்து கெடக்கு

மாமா: வேண்டாம்மா, நிறுத்தச் சொல்லு. வேலி மூணு மில்லிமீட்டர் ஒசரம், இப்ப ஒட்டிட்டா டெக் தொடைக்கும்போது கை பட்டு வளைஞ்சுரும், ஒரு தடவ வளைஞ்சா நேராவே ஆகாது. வேலி வந்த பித்தளை தகட்டுலருந்து வெட்டாமலே பெயிண்ட் அடிச்சு வையி மாப்ள, வேலி கடைசில

தம்பி: (போட்டோ) மாமா ஒரு பக்கம் தொடச்சுட்டேன்

அக்கா: டேய் பலகை ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியுதுடா!!

மாமா: பாத்தியா. பீரங்கி மேடைய சுத்தி மட்டும் இன்னும் கொஞ்சம் எடு, ராத்திரி காயட்டும், நாளைக்கு கிளாஸ் அடிச்சுட்டு போட்டோ போடு