ட்வைனுக்கு எழுதிக் கொடுத்த ஆடுகள்

நிவேதா: சேகர் மாமா, 1571-இல் எலிசபெத் ராணி காலத்தில் வந்த சட்டம் ஒன்றைப் படிக்கிறேன். மோசடி, கூட்டுச்சதி என்ற வரிசைக்கு நடுவே 'கோவின்' என்று வருகிறது. அப்படியென்றால்?

சேகர் மாமா: கூட்டுக் களவாணித்தனம்தான். இரண்டு பேர் உள்ளுக்குள் பேசிவைத்து மூன்றாவது ஆளுக்குச் சேர வேண்டியதை அமுக்குவது. ட்வைன் வழக்கைப் படி, நன்றாகப் புரியும்.

மல்லிகா பெரியம்மா: எங்களுக்கும் சொல்லு தம்பி.

சேகர் மாமா: இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பக்கம் பியர்ஸ் என்று ஒருவன் அக்கா. ட்வைன் என்பவனுக்கு அவன் 400 பவுண்டு கடன் தர வேண்டும், இன்னொருவருக்கு 200. அந்த இன்னொருவர் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே பியர்ஸ் தன்னிடம் இருந்த 300 பவுண்டு பெறுமான பொருள் அத்தனையையும் ரகசியமாக ட்வைன் பேருக்கு எழுதிவிட்டான்.

சேகர் மாமா: ஆனால் எதுவும் இடம் மாறவில்லை. ஆடுகள் அவனிடமே இருந்தன. சிலவற்றை விற்றான், மயிர் கத்தரித்தான், தன் அடையாளத்தையே போட்டான்.

மல்லிகா பெரியம்மா: ட்வைனுக்கும் கடன் பாக்கி உண்மைதானே? அதற்கு ஈடாகக் கொடுத்தால் தப்பா?

சேகர் மாமா: வழக்கின் உயிரே அதுதான் அக்கா. கடன் உண்மை என்பதை ஸ்டார் சேம்பர் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. நல்லெண்ணம் இல்லை என்றுதான் அந்தப் பத்திரத்தைத் தள்ளியது. உடுத்தும் துணியைக்கூட விட்டுவைக்காமல் எழுதியிருந்தான். பொருள் அவன் கையிலேயே இருந்தது. எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது இது: 'நேர்மையாக, உண்மையாக, நல்லெண்ணத்துடன் கொடுக்கிறேன்' என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தார்கள். வழக்கத்தில் இல்லாத அந்த வாசகமே சந்தேகத்துக்கு இடம் என்றது கோர்ட். எவ்வளவு கூர்மை பாருங்கள்! 1601-02 வாக்கில் நடந்தது. இந்த மோசடிக்காக ட்வைன் மேல் ராணி தரப்பில் வழக்குத் தொடுத்த எட்வர்ட் கோக்தான் பிறகு இதைப் பதிவுசெய்தும் வைத்தார்.

நிவேதா: நம் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 53-ஆம் பிரிவுக்கு இதுதான் மூலமா மாமா?

சேகர் மாமா: ஆமாம்மா, 1882 சட்டம். 'கோவின்' என்ற சொல்லை விட்டுவிட்டார்கள், விஷயம் அதேதான். கடன் கொடுத்தவரை ஏய்க்க வீடு, நிலத்தை மாற்றி எழுதினால் அவர் கோர்ட்டில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். விஷயம் தெரியாமல் காசு கொடுத்து நியாயமாக வாங்கியவருக்குப் பாதுகாப்பு உண்டு.

மல்லிகா பெரியம்மா: தம்பி, என் பக்கத்து வீட்டம்மாவிடம் கடன் வாங்கியவர் வீட்டைத் தம்பி பேருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிவிட்டு அதே வீட்டில்தான் குடியிருக்கிறார்.

சேகர் மாமா: எப்போது எழுதினார்? கடனுக்கு முன்பா, பின்பா? வேறு சொத்து இருக்கிறதா? வில்லங்கச் சான்று போட்டு, புரோநோட்டையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள் அக்கா. தள்ளிப்போட வேண்டாம்.