என் பான் எண்ணில் யாரோ கடன் வாங்கியிருக்கிறார்கள், வழி சொல்லுங்கள்

வணக்கம். வீட்டுக் கடன் கேட்டுப் போன வாரம் வங்கிக்குப் போனேன். சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) ரொம்பக் குறைவு என்றார்கள். அறிக்கையை எடுத்துப் பார்த்தால், நான் கேள்வியே படாத ஒரு கடன் செயலியில் என் பான் எண்ணைக் கொடுத்து 38,000 ரூபாய் வாங்கி, ஐந்து மாதமாகத் தவணை கட்டாமல் விட்டிருக்கிறார்கள். அதிலுள்ள கைபேசி எண்ணும் முகவரியும் என்னுடையவை இல்லை. இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை.

சைபர் குற்ற உதவி எண் 1930-இல் புகார் கொடுத்துவிட்டேன். ஆதார் பயோமெட்ரிக்கைப் பூட்டிவிட்டேன். சிபிலில் ‘இந்தக் கடன் என்னுடையது இல்லை’ என்று முறையிட்டிருக்கிறேன். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. எனக்கு அந்தப் பணம் வேண்டாம், என் பெயரிலிருந்து கடன் நீங்கினால் போதும். ஆனால் கடன் கொடுத்த நிறுவனம் ஒப்புக்கொண்டால்தான் பதிவை மாற்றுவார்கள். அந்த நிறுவனமோ மின்னஞ்சலுக்குப் பதிலே போடவில்லை.

இதிலிருந்து மீண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சிபில் போலவே கடன் விவரம் வைத்திருக்கும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் மூன்றிலும் தனித்தனியாக முறையிட்டீர்களா? அப்புறம், நிறுவனம் புகார் ரசீதை ஏற்றுக்கொண்டதா, எஃப்ஐஆர்தான் வேண்டும் என்றார்களா? ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பாளர்) எழுதிய கடிதத்தின் மாதிரி இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள்.