1990 மியாட்டா இன்ஜின் பே, தண்ணி ஊத்தி கழுவலாமா?

செகப்பு_ரோட்ஸ்டர்:
வணக்கம் மக்களே. கனடால மிசிசாகால இருக்கேன். 1990 மாஸ்டா மியாட்டா, அந்த ரெண்டு சீட்டு ஓப்பன் டாப் கார், ஒண்ணு வாங்கியிருக்கேன், 1.6 லிட்டர் இன்ஜின், பெயின்ட் எல்லாம் சூப்பரா இருக்கு, ஆனா பானட்டை தூக்கினா பாக்க முடியல, வால்வ் கவர் பூரா பழுப்பேறி கிடக்கு, பின்னாடி ஃபயர்வால் (இன்ஜினுக்கும் சீட்டுப் பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு) பக்கம் எண்ணெயும் தூசியும் சேந்து கெட்டியா அப்பியிருக்கு. பிரஷர் வாஷர் கையில இருக்கு, ஆனா முப்பது வருஷத்துக்கு மேல ஆன வயரிங், தண்ணி பட்டா என்ன ஆகும்னு பயம். ஊர்ல ஒர்க்‌ஷாப்ல டீசல் அடிச்சு கழுவுவாங்களே, அத செய்யலாமா? எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

கோவை_கியர்பாக்ஸ்:
டீசல் வேண்டவே வேண்டாம் ப்ரோ. அடிச்ச அன்னிக்கு பளபளன்னு இருக்கும், ஆனா அந்த எண்ணெய்ப் பசை அப்படியே நிக்கும், ரெண்டு வாரத்துல முன்ன இருந்ததவிட அதிகமா தூசி ஒட்டும். ஹோஸ், பெல்ட் மாதிரி ரப்பர் பாகமெல்லாம் ஊறிப் போகும், சூடான எக்ஸாஸ்ட் பக்கத்துல அது தீப்பிடிக்கிற சமாச்சாரம் வேற. பிரஷர் வாஷரையும் ஓரமா வைங்க. இந்த இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் நாலும் ரெண்டு கேம்ஷாஃப்டுக்கும் (வால்வ திறந்து மூடுற தண்டு) நடுவுல குழிக்குள்ள உக்காந்திருக்கும், அந்தக் குழில தண்ணி தேங்கினா மிஸ்ஃபயர் ஆரம்பிச்சுடும், அதாவது பொறி சரியா விழாம இன்ஜின் திக்கும். பிளக்குக்கு கரண்ட் தர்ற காயில் பேக் ஹெட்டுக்கு (இன்ஜினோட மேல் பாகம்) பின்னாடி, உள்ள போற காத்த அளக்குற ஏர்ஃப்ளோ மீட்டர் ஏர் பாக்ஸ் கிட்ட, மேல ஃபியூஸ் பாக்ஸ், ஆல்டர்னேட்டர், இதெல்லாம் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடிட்டுத்தான் பாட்டிலையே கையில எடுக்கணும். பேட்டரி டிக்கில இருக்கிறதால அது ஒண்ணு தப்பிச்சுது, ஆனா நெகட்டிவ் டெர்மினல கழட்டி வைங்க.

இன்ஜின் கை வச்சா வெதுவெதுன்னு இருக்கணும், அவ்ளோதான். கொதிக்கிற சூட்டுல அடிச்சா கெமிக்கல் அங்கேயே காஞ்சு கறையாயிடும். ஆல் பர்ப்பஸ் கிளீனர ஒண்ணுக்குப் பத்து தண்ணி கலந்து அடிச்சு, சாஃப்ட் பிரஷ்ல தேச்சு, மைக்ரோஃபைபர் துணில துடைங்க. கெட்டியான இடத்துக்கு மட்டும் டிக்ரீசர், அதுவும் காஸ்டிக் (கடுமையான காரம்) இல்லாததா பாத்து வாங்குங்க, வால்வ் கவர் அலுமினியம், காஸ்டிக் பட்டா வெளுத்து திட்டுத்திட்டா ஆயிடும், அப்புறம் தேச்சு பாலிஷ் போட்டாத்தான் போகும்.

ஸ்கார்பரோ_அண்ணை:
தம்பி, கழுவ முதல் அந்த எண்ணெய் எங்கயிருந்து வருது எண்டு பாருங்கோ. ஹெட்டுக்குப் பின்னால கேம் ஆங்கிள் சென்சார் இருக்கு, கேம்ஷாஃப்ட் எந்த நிலையில சுத்துது எண்டு சொல்லுறது, அதுக்குள்ள ஒரு சின்ன ஓ-ரிங் (ரப்பர் வளையம்), காலம் போக அது கல்லு மாதிரி இறுகி எண்ணெயை விடும், அது அப்பிடியே பெல் ஹவுசிங் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருற கூடு) வழிய கீழ வடியும். கன பேர் ரியர் மெயின் சீல் (இன்ஜினின்ர பின்பக்க எண்ணெய் சீல்) போச்சு எண்டு நினைச்சு கியர்பாக்ஸையே இறக்கப் போறவை. சென்சாருக்குக் கீழ விரல விட்டுத் தடவிப் பாருங்கோ, ஈரமா இருந்தா அதுதான். கழட்ட முதல் அது நிக்கிற இடத்த கோடு போட்டு வையுங்கோ, கொஞ்சம் திரும்பினாலும் இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடுற நேரம்) மாறிடும், திருப்பிப் பூட்டின பிறகு டைமிங் லைட் வச்சு, பிஸ்டன் உச்சிக்கு வர முதல் 10 டிகிரியில நிக்குதோ எண்டு பாக்க வேணும்.

இன்னொண்டு, கிளட்ச் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழயும் பாருங்கோ. அங்க பெயின்ட் உரிஞ்சிருந்தா கிளட்சுக்கும் விடுற பிரேக் ஃபுளூயிட் ஒழுகி இருக்கு எண்டு அர்த்தம். அத திருத்தாம மேல பெயின்ட் அடிச்சு பிரயோசனம் இல்ல.

கழுவுற தண்ணி றோட்டு வடிகானுக்குள்ள போக விடாதேங்கோ, அது நேர ஆத்துக்கும் ஏரிக்கும் போற தண்ணி. கீழ பழைய துவாய் போட்டு எண்ணெயை ஊறவிட்டு எடுங்கோ.

செகப்பு_ரோட்ஸ்டர்:
அண்ணா, விரல் விட்டுப் பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே சென்சாருக்குக் கீழதான் நனைஞ்சிருக்கு! ஓ-ரிங் ஆர்டர் போட்டாச்சு, அது வந்து மாத்தின பிறகுதான் கழுவப் போறேன். கோவை ப்ரோ, கடைசில மினுமினுப்புக்கு என்ன அடிக்கலாம்? அப்புறம் பிராக்கெட், போல்ட் எல்லாம் ஒரு மாதிரி தங்கக் கலர்ல இருக்கே, அது துருவா?

கோவை_கியர்பாக்ஸ்:
துரு இல்ல ப்ரோ, அது ஃபேக்டரிலயே போட்ட மஞ்சள் ஜிங்க் கோட்டிங், இத்தன வருஷம் கழிச்சும் அது மிச்சம் இருக்குன்னா உங்க வண்டிய யாரோ நல்லா பாத்துக்கிட்டிருக்காங்க. அது மேல ஆசிட் வீல் கிளீனர் மட்டும் பட விடாதீங்க, உரிச்சுடும். மினுமினுப்புக்கு வாட்டர் பேஸ்டு டிரெஸ்ஸிங் (பிளாஸ்டிக், ரப்பருக்குத் தடவுற பாலிஷ்) போதும், துணில தொட்டு பிளாஸ்டிக்லயும் ஹோஸ்லயும் தடவி, மிச்சத்த துடைச்சுடுங்க. பெல்ட் மேல ஒரு சொட்டு கூட படக் கூடாது, வழுக்க ஆரம்பிச்சா கீச்சுன்னு கத்தும். அதுக்கு முன்னாடி புளோயர் வச்சு கனெக்டர் சந்துல, பிளக் குழிக்கு மேல இருக்கிற தண்ணிய நல்லா ஊதி விட்டுட்டு, கவரெல்லாம் எடுத்துட்டு, பேட்டரி டெர்மினல திரும்ப மாட்டிட்டு, பானட்ட திறந்தே வச்சு ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் ஐடில்ல ஓட விடுங்க. கழுவுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோவும் பின்னாடி ஒண்ணும் போடுங்க, அந்த வால்வ் கவர் எப்படி வருதுன்னு பாக்கணும்.