மறு: ‘கேர்ன்’ என்பதற்குக் கற்குவியல் போதுமா?

வணக்கம். பழங்காலத்தில் இறந்தவரைப் புதைத்த இடத்தின்மேல் கற்களைக் குவித்து அமைத்த மேட்டை ஆங்கிலத்தில் ‘கேர்ன்’ (cairn) என்கிறார்கள்; அதற்குத் தமிழில் ‘கற்குவியல்’ போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

கற்குவியல் வேண்டாம் என்றுதான் எனக்கும் படுகிறது. ரோடு போடக் கொட்டி வைத்த ஜல்லியும் கற்குவியல்தானே! ‘ஈமக் கற்குவை’ என்று வைத்துக்கொள்ளலாம். கற்குவை ஏற்கெனவே தொல்லியல் நூல்களில் புழங்குகிற சொல்.

‘பதுக்கை’ என்றே வைக்கலாமே என்று கேட்ட நண்பருக்கு: புறநானூறு 264-இல் ‘பரலுடை மருங்கின் பதுக்கை சேர்த்தி’ என்று வருவது ஏறக்குறைய இதைத்தான். ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பலகைக்கற்களை நாற்புறமும் நிறுத்தி, மூடுகல் போட்டு மண்ணுக்குள் அமைக்கும் அறையைத் தொல்லியலார் கற்பதுக்கை என்கிறார்கள். தரைக்கு மேல் நின்றால் கற்திட்டை. அறிக்கைகளெல்லாம் அப்படியே அச்சாகிவிட்டன. இனிமேல் கலைத்தால் குழப்பம்தான்.

என் கவலை அடுத்த சொல்லில். ‘கேர்ன் சர்க்கிள்’ (கற்குவையும் அதைச் சுற்றிக் கல் வளையமும்), ‘ஸ்டோன் சர்க்கிள்’ (கல் வளையம் மட்டும்) இரண்டையும் கல்வட்டம் என்றே எழுதிவிடுகிறோம். 1950களில் மத்தியத் தொல்லியல் துறை அகழ்ந்த, மதுராந்தகம் பக்கத்துச் சானூரைப் பாருங்கள். சுற்றிலும் பெரிய உருண்டைக் கற்கள், உள்ளே சிறு கற்களை நிரப்பிய குவை, அதற்கும் கீழே கால் வைத்த சுடுமண் ஈமப்பேழை. இப்படிப்பட்ட இடத்தில் வரப்புக்கோ வேலிக்கோ கல் வேண்டுமென்றால் சின்னக் கல்லைத்தான் முதலில் அள்ளுவார்கள்; பெரிய கல் லேசில் அசையாது. குவை போய் வளையம் மட்டும் நின்றாலும் கல்வட்டம், குவை முழுசாக இருந்தாலும் கல்வட்டம் என்றால் எது சிதைந்தது என்று பதிவைப் பார்த்து யாருக்குத் தெரியும்? அதனால் குவையோடு இருக்கும் ‘கேர்ன் சர்க்கிளு’க்குக் ‘குவைவட்டம்’ என்று தனிச்சொல் ஒன்றை முன்வைக்கிறேன்.

சட்டத்திலும் இது உதவும். 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி மத்திய அரசு அறிவித்த சின்னம் என்றால், 2010 திருத்தத்துக்குப் பிறகு அதன் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டடமோ குவாரியோ கூடாது; அதற்கப்பால் 200 மீட்டர் அனுமதி வாங்கித்தான். அறிவிக்காத இடத்துக்கு இந்த வேலி கிடையாது. வருவாய்க் கணக்கில் ‘கல்லாங்குத்து’ (கல் நிறைந்த தரிசு) என்று மட்டும் இருக்கும் நிலத்தில் பழங்கால ஈமக்காடு இருப்பது யார் கண்ணில் படும்? மனு எழுதுகிறவர் கையில் ‘ஈம’ என்ற சொல்லாவது இருக்கட்டும்.

அப்புறம், இந்த ஈமச்சின்னங்களுக்கு வழங்கும் பாண்டவர் குழி, குரங்குப்பட்டடை போன்ற ஊர்வழக்குகளையும் பதிவில் சேர்க்க வேண்டும். ஊரில் போய்க் கற்குவை எங்கே என்று கேட்டால் யாரும் வழிகாட்ட மாட்டார்கள்.

வட்டத்தின் பெரிய கற்களுக்குச் ‘சுற்றுக்கல்’ என்று எழுதியிருக்கிறேன். விளிம்புக்கல் என்றால் நடைபாதை நினைவுக்கு வருகிறது. வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.