1980 ரயில்வே கோப்பை: கால்வேயின் பட்டத்துக்கு அதுதான் அஸ்திவாரமா?

மேற்குக்காற்று:
ஹர்லிங் என்ற அயர்லாந்து மட்டைப் பந்தாட்டத்தில் 1980 கால்வே கவுண்டி (மாவட்டம் மாதிரி) அணி என்றாலே எல்லாரும் செப்டம்பரில் நடந்த ஆல் அயர்லாந்து (கவுண்டிகளுக்கான தேசியப் பட்டம்) இறுதிப்போட்டியையும், ஜெயித்த பிறகு கேப்டன் ஜோ கானலி ஐரிஷ் மொழியில் பேசியதையும்தான் எடுக்கிறார்கள். அந்த மார்ச்சில் நடந்ததை யாரும் பேசுவதில்லை. மாகாணங்கள் மோதும் ரயில்வே கோப்பை இறுதிப்போட்டியில் மேற்கு மாகாணம் கொனாக்ட் 1-5, தெற்கு மாகாணம் மன்ஸ்டர் 0-7 (முதல் எண் கோல், அடுத்தது புள்ளி). கோலுக்கு மூன்று புள்ளி, ஆக 8க்கு 7. கொனாக்டுக்கு 1947க்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை. பெயர்தான் கொனாக்ட், ஹர்லிங்கில் அது கால்வேதான்; மற்ற நான்கு கவுண்டிகளும் கேலிக் கால்பந்துப் பக்கம். என்னைக் கேட்டால் பட்டத்துக்கு அஸ்திவாரமே இந்த ஒரு புள்ளிதான்.

தூண்பக்கம்:
அஸ்திவாரமா? ரொம்ப ஓவர். 1954ல் ரயில்வே கோப்பை இறுதிப்போட்டிகளுக்கு டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் ஏறக்குறைய 49,000 பேர் வந்தார்கள், சரி. எழுபதுகளிலேயே அந்தக் கூட்டம் கரைந்துவிட்டது. யாரும் எட்டிப் பார்க்காத கோப்பையில் எட்டுப் புள்ளி எடுத்து ஜெயித்ததை வைத்து ஒரு வரலாறே எழுதுகிறீர்களே.

மேற்குக்காற்று:
கூட்டத்தை விடுங்கள், எதிரே நின்றது யார்? 1975 முதல் 1979 வரை மன்ஸ்டர் பட்டம் முழுக்க கார்க் கவுண்டியிடம், அதில் மூன்று வருடம் ஆல் அயர்லாந்தும் அவர்களுக்கே. இன்னொன்று, அந்தக் காலத்தில் கால்வேக்கு மாகாணப் போட்டியே கிடையாது. அறுபதுகளில் மன்ஸ்டரில் சேர்ந்து ஆடிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. மற்றவர்கள் கோடை முழுக்க பக்கத்துக் கவுண்டியோடு முட்டி மோதித் தேறி வரும்போது இவர்கள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு நேராகப் பெரிய ஆட்டத்தில் இறங்க வேண்டியிருந்தது. பெரிய மாகாணங்களை நேருக்கு நேர் பார்க்க இருந்த ஒரு சில வாசல்களில் ரயில்வே கோப்பை ஒன்று.

தூண்பக்கம்:
கவுண்டிகள் ஆடும் தேசிய லீக் இருந்ததே! 1975ல் கால்வே லீக்கையே ஜெயித்தது. அதே வருடமும் 1979லும் ஆல் அயர்லாந்து இறுதிவரை போய் இரண்டு முறையும் கில்கெனி கவுண்டியிடம் தோற்றது. ஆக, ஆட்டம் முன்பே இருந்தது. நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் காஸில்காரைக் காட்டுவேன். கானலி சகோதரர்களின் கிளப். அதே 1980ல் பாலிகாஸில் கிளப்பை வீழ்த்தி ஆல் அயர்லாந்து கிளப் பட்டம் வாங்கியது, கால்வே கிளப் ஒன்றுக்கு அதுதான் முதல் முறை. அப்புறம் உங்கள் கணக்கையே பார்ப்போம். கொனாக்ட் 1982, 1983, 1986, 1987, 1989 என்று கோப்பையை அள்ளியது. இதில் கால்வே ஆல் அயர்லாந்து வாங்கியது 1987ல் மட்டும். 1988ல் ரயில்வே கோப்பை இல்லாமலே பட்டம் வந்தது. இது என்ன அஸ்திவாரம்?

ஓரக்கோடு:
இடையில் நுழைகிறேன். செப்டம்பர் இறுதிப்போட்டியில் எதிரணி மன்ஸ்டரின் லிமெரிக் கவுண்டி, கால்வேயின் 2-15க்கு அவர்கள் 3-9. லிமெரிக்கின் ஈமன் கிரீகன் ஒருவரே 2-7 அடித்தார், அதாவது 18ல் 13! ஒரு ஆளை அப்படி விட்டுவிட்டும் மூன்று புள்ளியில் தப்பித்தார்கள் என்றால் கோல்கீப்பர் மைக்கேல் கொனீலிக்குத்தான் கும்பிடு போட வேண்டும். இரண்டு பேரும் அவரை மறந்துவிட்டீர்கள்.

மேற்குக்காற்று:
கொனீலியை மறக்கவில்லை. தூண்பக்கம், நான் கோப்பை வந்தால் பட்டம் வரும் என்று ஜோசியம் சொல்லவில்லை. 1980ஐ மட்டும் சொல்கிறேன். 1923க்குப் பிறகு பட்டமே பார்க்காத கவுண்டி, முந்தின வருடம் இறுதியில் தோற்ற அணி. கடைசி நிமிடங்களில் ஒரு புள்ளி முன்னிலையைக் கட்டிக் காக்க முடியும் என்று அவர்களுக்கு முதலில் காட்டியது எது? மார்ச். குறைந்த ஸ்கோர் என்று நீங்கள் கிண்டல் செய்கிற அதே ஆட்டம். மன்ஸ்டரை ஒரு கோல்கூட அடிக்க விடாத தடுப்பு அது.

தூண்பக்கம்:
அதே தடுப்பு செப்டம்பரில் மூன்று கோல் வாங்கியதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? காஸில்கார் பற்றியும் இன்னும் பதில் வரவில்லை.