படிவம் 4, 5 மாணவர்களுக்கு அரசியல் தத்துவம்: வழி சொல்லுங்கள்

வணக்கம் ஆசிரியர்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் 4, 5 (16, 17 வயது) பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலையில் அரசியல் தத்துவம் சொல்லிக்கொடுக்கிறேன். 18 வயதானாலே வாக்காளர் பட்டியலில் பெயர் தானாக ஏறிவிடுகிறது. அதற்குள் நியாயம், அதிகாரம் பற்றி அவர்கள் நன்றாக யோசித்திருக்க வேண்டும்.

தத்துவவாதி ஜான் ரால்ஸின் அறியாமைத் திரை, அதாவது நாம் யாராக இருப்போம் என்று தெரியாமலே நியாயமான விதிகளை வகுப்பது, சுலபமாகப் பிடிபட்டது. பிறக்கப்போவது துரை பங்களாவிலா, லயத்திலா என்று தெரியாமல் ஒரு தோட்டத்துக்குச் சட்டம் எழுதச் சொன்னேன். ஓய்வுபெற்றவரை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்பதைத்தான் பலரும் முதலில் எழுதினார்கள்.

ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக்கிடம் வந்ததும் சிக்கல். உழைப்பைக் கலந்தவருக்கே பொருள் சொந்தம் என்று 1689இல் வெளியான நூலில் அவர் சொல்கிறார். "அப்படியென்றால் பாட்டி பால் வெட்டிய ரப்பர் மரம் யாருக்குச் சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி! ஆனால் அதே அத்தியாயத்தில், தன் வேலைக்காரன் வெட்டிய புல்தரையும் தனக்கே சொந்தம் என்கிறார் லாக். இதை மழுப்பாமல் எப்படி விளக்குவது?

இந்த வயதுக்கு ஏற்ற ஓரிரு பக்கத் தமிழ் வாசிப்புப் பகுதிகள் இருந்தால் அனுப்புங்கள். அப்புறம், குறளின் செங்கோன்மை அதிகாரத்தை லாக்கோடு சேர்த்து யாராவது நடத்தியிருந்தால், எந்தக் குறளில் தொடங்கினீர்கள் என்றும் எழுதுங்கள்.