திருவிழா மேடைக்கு எந்த டிஜிட்டல் மிக்சர்?

கேள்வி (தங்கச்சிமடம்):
முளைப்பாரித் திருவிழா, சர்ச் திருவிழா, சந்தனக்கூடு ஆகியவற்றுக்கு ஒலியமைப்பு செய்கிறோம். நாகஸ்வரம், தவில், கீபோர்டு, பாடகர்கள் என்று சேர்ந்தால் 16 சேனல் போதவில்லை. பழைய அனலாக் மிக்சருக்குப் பதிலாக பெரிங்கர் எக்ஸ்ஆர்18 வாங்கலாமா, எக்ஸ்32 வாங்கலாமா?

பதில் (கீழக்கரை):
எக்ஸ்ஆர்18-இல் மைக் உள்ளீடு 16 மட்டுமே. ஃபேடர் (ஒலியளவை ஏற்றி இறக்கும் தள்ளுகுமிழ்) கிடையாது, டேப்லெட்டில்தான் இயக்க வேண்டும். கூட்டத்தில் அத்தனை கைப்பேசிகளுக்கு நடுவே அதன் உள் வைஃபை திணறும் என்பதால் தனி ரவுட்டர் கட்டாயம். அப்படியே வைத்தாலும், தவில் திடீரென ஏறும் நொடியில் விரல் நேரே போய் அமர ஒரு ஃபேடர் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எக்ஸ்32-இல் 32 மைக் உள்ளீடுகளும் 25 மோட்டார் ஃபேடர்களும் உள்ளன.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஆலன் அண்ட் ஹீத் எஸ்க்யூ-5 எப்படி?

பதில் (மண்டபம்):
96 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது) இயங்கும் நல்ல கருவிதான். ஆனால் அதிலும் மைக் உள்ளீடு 16 என்பதால் உங்களுக்கு ஸ்டேஜ் பாக்ஸ் (மேடையில் வைக்கும் கூடுதல் மைக் உள்ளீட்டுப் பெட்டி) செலவும் சேரும். எதை வாங்கினாலும் யூபிஎஸ் இல்லாமல் இயக்காதீர்கள். ஜெனரேட்டருக்கு மாற்றும்போது மின்சாரம் ஒரு கணம் விட்டாலும் டிஜிட்டல் மிக்சர் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதுவரை மேடை ஊமையாகிவிடும். நம் உப்புக்காற்று ஃபேடர் இடுக்குகளிலும் எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள்) முனைகளிலும் படியும். ஆகவே நிகழ்ச்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பையுடன் பெட்டியில் மூடிவையுங்கள்.